லாபம் எனக்கு, நஷ்டம் நமக்கு!

புத்தகக் கண்காட்சிக்குப் போனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். ஆங்கிலப் புத்தகக் கடைகளில் கைக்கு எட்டுகிற இடத்திலேயே அயன் ராண்ட் எழுதிய இரண்டு தடிமனான நாவல்கள் இருக்கும். ‘தி ஃபவுண்டன்ஹெட்’ 1943-ல் வந்தது. ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ 1957-ல் வந்தது. இவ்வளவு வருஷம் கழித்தும் விற்றுக்கொண்டே இருக்கின்றன. வாங்குகிறவர்களில் பலருக்கு வயது இருபதுகளில். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல் வந்திருப்பார்கள்.

‘உன் வாழ்க்கை உனக்காக. உன் உழைப்பும் உன் அறிவும் உன்னுடையவை. ஊருக்காக உன்னைப் பலி கொடுக்காதே.’ சுருக்கமாகச் சொன்னால் ராண்ட் சொன்னது இதுதான். இதைத்தான் தனிமனிதவாதம் என்கிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படிக்கிறவர்களுக்கு, தங்கள் ஆபீஸ் தத்துவமும் இதுவேதான் என்று தோன்றிவிடுகிறது. போட்டி, டார்கெட், போனஸ், ‘நீயே உன் வேலைக்கு முதலாளி’ என்ற சுவரொட்டி எல்லாம் அதே குரலில் பேசுவது போலத்தானே இருக்கிறது?

அப்படி இல்லை என்பது என் கட்சி. 32 வருஷம் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவள் நான். பொருளாதாரம் படித்தவள் இல்லை. பணத்தை எண்ணியவள், அவ்வளவுதான்.

முதலில் ராண்டுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அவர் 1905-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். 1917 புரட்சிக்குப் பிறகு, எல்லோருக்கும் பொது என்று சொல்லி அந்தக் கடையை எடுத்துக்கொண்டார்கள். 1926-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ‘பொது நன்மை’ என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்தக் கோபம் எனக்கும் கொஞ்சம் புரியும். எங்கள் வீட்டில் ‘பொது நன்மை’ என்று சொல்ல மாட்டார்கள். ‘நாலு பேர் என்ன சொல்வாங்க?’ என்பார்கள். நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போனதற்கு அந்த நாலு பேர் ஏதோ சொன்னார்கள். பேங்க் பரீட்சை எழுதியதற்கும் சொன்னார்கள். 1985-ல் வேலைக்கான ஆர்டர் வந்தபோது, வெளியூர் போஸ்டிங் என்பதால் மறுபடியும் சொன்னார்கள். அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்னார் மகள், இன்ன தெரு என்று கேட்காமல் என் மார்க்கை மட்டும் பார்த்து வேலை கொடுத்ததே அந்தப் பரீட்சை, என் வாழ்க்கையில் தனிமனிதவாதம் செய்த பெரிய உபகாரம் அது. அதனால் இந்தத் தத்துவத்தை மேற்கத்திய விஷம் என்று திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

என் கேள்வி வேறு. கார்ப்பரேட்டுகள் இந்தத் தத்துவத்தை உண்மையிலேயே கடைப்பிடிக்கின்றனவா?

‘ஃபவுண்டன்ஹெட்’ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் ஹோவர்ட் ரோர்க் ஒரு ஆர்க்கிடெக்ட். தனக்குச் சரி என்று பட்டதை மட்டுமே வரைவான். காலேஜில் இருந்து விரட்டப்படுகிறான். பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைக்கிறது. சொன்னபடி வரைய மறுத்ததால் அந்த வேலையும் போகிறது. கையில் காசில்லாத நேரத்தில் பெரிய கட்டடம் ஒன்று வருகிறது. அது ஒரு பேங்க் கட்டடம்! முகப்பை மட்டும் பழைய பாணியில் கொஞ்சம் மாற்றிக்கொள் என்கிறது நிர்வாகக் குழு. முடியாது என்று எழுந்து வந்துவிடுகிறான். பிறகு கல் குவாரியில் கூலி வேலைக்குப் போகிறான்.

அவனோடு படித்த பீட்டர் கீட்டிங் இருக்கிறானே, அவன் வேறு ரகம். மேலே இருப்பவருக்கு எது பிடிக்கும் என்று மோப்பம் பிடித்து அதையே சொல்வான். சொந்தமாக ஒன்றும் வராது, ரோர்க்கிடம் வந்து உதவி கேட்பான். கம்பெனியில் மளமளவென்று உயர்ந்து பார்ட்னரே ஆகிவிடுகிறான்.

இப்போது சொல்லுங்கள். இந்த இருவரையும் இன்றைய ஆபீஸ் ஒன்றில் உட்கார வைத்தால் அப்ரைசலில் யாருக்கு ஐந்துக்கு ஐந்து கிடைக்கும்? கீட்டிங்குக்குத்தான். ராண்ட் யாரை வெறுத்து எழுதினாரோ அவன்தான் ‘ஸ்டார் பெர்ஃபாமர்’. இந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கும் பல அதிகாரிகள் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

என் அக்கா மகன் இதைக் கவனித்துவிட்டான். அவனுக்கு 27 வயது. திருச்சியில் ஒரு தனியார் வங்கியின் கிளையில் ரிலேஷன்ஷிப் மேனேஜர். மேனேஜர் என்று பெயரே தவிர, அவனுக்குக் கீழே யாரும் கிடையாது. கஸ்டமர்களிடம் பேசி இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு என்று தள்ளிவிட வேண்டும். தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பட்டியல் வரும். யார் எவ்வளவு விற்றார்கள் என்று பெயரோடு இருக்கும். மேலே பச்சை, கீழே சிவப்பு.

போன வருஷம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அவன் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். 71 வயது. 8 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் முடிந்து பணம் கணக்கில் வந்திருந்தது. மனைவிக்கு மருந்துச் செலவு இருக்கிறது, மாதாமாதம் வட்டி வருகிற மாதிரி மறுபடியும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் டீ குடிக்கப் போன இடைவெளியில் பிராஞ்ச் ஹெட் இவனைக் கூப்பிட்டு, அதை யூலிப் பாலிசியாக மாற்றச் சொல்லியிருக்கிறார். ஆண்டுக்கு இவ்வளவு என்று பத்து வருஷம் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசி. நடுவில் கட்ட முடியாமல் போனாலும், போட்ட பணத்தை ஐந்து வருஷத்துக்கு எடுக்க முடியாது. 71 வயதுக்காரருக்கு!

இவன் செய்யவில்லை. கேட்டபடி டெபாசிட் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டான். அந்த மாதக் கடைசியில் பட்டியலில் அவன் பெயர் அடியில், சிவப்பில்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிராஞ்ச் ஹெட் அவனைக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? “நீ உன்னைப் பத்தி மட்டும் நினைக்கிற. டீமைப் பத்தி நினைக்கல.”

அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினான்.

“சித்தி, இன்சென்டிவ் கணக்குப் போடும்போது நான் தனி ஆள். டீம்னு சொன்னா சிரிப்பாங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா மட்டும் திடீர்னு டீம் வந்துடுது. இது என்ன சித்தி நியாயம்?”

“ரோர்க்கா இருந்தா என்னடா பண்ணியிருப்பான்?” என்று கேட்டேன். நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததே இவன் தொல்லை தாங்காமல்தான்.

“அவன் கல்லு உடைக்கப் போயிருப்பான். எனக்கு பைக் லோன் இருக்கு.”

சிரித்துவிட்டோம். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் நான் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன்.

ஆட்களை வரிசைப்படுத்துகிற பழக்கத்தைப் பிரபலமாக்கியவர் ஜாக் வெல்ச். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு 1981 முதல் 2001 வரை தலைவராக இருந்தவர். ஊழியர்களில் 20 சதவிகிதம் மேலே, 70 சதவிகிதம் நடுவில், 10 சதவிகிதம் கீழே. கீழே இருப்பவர்கள் வெளியே போக வேண்டியதுதான். உலகம் முழுக்க இதைக் காப்பியடித்தார்கள். நம் ஊர் ஐடி கம்பெனிகளில் ‘பெல் கர்வ்’ என்ற பெயரில் எத்தனை வீடுகளில் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு எளிய கணக்குச் சிக்கல் இருக்கிறது. பத்துப் பேரும் நன்றாக வேலை செய்தாலும் ஒருவரைக் கடைசி என்று எழுதியே ஆக வேண்டும். அப்படியானால் நான் ஜெயிக்க இரண்டு வழி. ஒன்று, நான் நன்றாக வேலை செய்வது. இன்னொன்று, பக்கத்து சீட்டுக்காரர் சரியாக வேலை செய்யாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது வழி கொஞ்சம் சுலபம். மைக்ரோசாஃப்ட்டிலும் இப்படி ஒரு முறை இருந்தது. கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் குழுவில் சேரவே தயங்கினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பத்திரிகைகளிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். 2013 நவம்பரில் அந்த முறையையே கம்பெனி கைவிட்டது.

ராண்டின் தத்துவத்தில் அடுத்தவனைக் கீழே தள்ளுவதற்கு இடமே இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ரோர்க் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ‘பெல் கர்வ்’ நம்மை ஓயாமல் பக்கத்து ஆளையே பார்க்க வைக்கிறது. எட்டு மணி நேரமும் அடுத்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதற்குத் தனிமனிதவாதம் என்று பெயரா?

இதை ஒரு முழுக் கம்பெனிக்கும் செய்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். எட்டி லாம்பர்ட். வால் ஸ்ட்ரீட் முதலீட்டாளர். ராண்டின் ரசிகர் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அவர் கைக்கு வந்தது சியர்ஸ். நம் ஆட்களுக்குப் பெயர் பழக்கமில்லாமல் இருக்கலாம். அமெரிக்காவில் தாத்தா பாட்டி காலத்திலிருந்து வாஷிங் மெஷின், ஸ்பேனர் செட், துணிமணி என்று எல்லாம் வாங்கிய கடை. ஒரு காலத்தில் தபாலிலேயே வீடு கட்டும் சாமான்கள் மொத்தத்தையும் விற்றவர்கள்.

2008-ல் லாம்பர்ட் அந்தக் கம்பெனியை முப்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளாக உடைத்தார். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி லாப நஷ்டக் கணக்கு. அவரவர் லாபத்தை அவரவர் பார்த்துக்கொண்டால் மொத்தக் கம்பெனியும் தானாக உயர்ந்துவிடும் என்பது எண்ணம்.

நடந்தது என்ன? ‘கென்மோர்’ என்பது சியர்ஸின் சொந்த பிராண்ட். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாம் அந்தப் பெயரில் வரும். இப்போது மெஷின் விற்கும் பிரிவு ஒன்று, ‘கென்மோர்’ என்ற பெயருக்குச் சொந்தமான பிரிவு இன்னொன்று. பெயரைப் பயன்படுத்த ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் விற்கும் பிரிவுக்கு அடுத்த கம்பெனி மெஷினை விற்றால்தான் லாபம் அதிகம் என்றாகிவிட்டது. சொந்தப் பிள்ளையைப் பின்னால் நிறுத்திவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு முன்வரிசை!

வாராவாரம் வரும் விளம்பரப் புத்தகத்தில் இடம் பிடிக்கவும் பிரிவுகளுக்குள்ளே ஏலம். ஒரு அன்னையர் தினத்துக்கு வந்த புத்தகத்தின் அட்டையில் பையன்கள் ஓட்டும் குட்டி மோட்டார் பைக் படம் வந்ததாம். அதிகப் பணம் கட்டிய பிரிவுக்கு அட்டை. அம்மாக்கள் என்ன நினைப்பார்கள் என்பது யாருடைய கணக்கிலும் வராது. ஆன்லைன் போட்டி, பழைய கடன் என்று வேறு காரணங்களும் உண்டு. மொத்தப் பழியையும் இந்த ஒன்றின்மேல் போட மாட்டேன். ஆனாலும் 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு போட்டதற்கு இந்த உள்சண்டை உதவி செய்யாமல் இல்லை.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்துப் பொதுத்துறை பேங்க் ஒன்றும் சொர்க்கம் இல்லை. காலையில் வந்து பையை நாற்காலியில் வைத்துவிட்டு டீக்கடையிலேயே பாதி நாளைக் கழித்த ஆட்களை எனக்குத் தெரியும். அவர் வேலையையும் சேர்த்து நான் பார்த்திருக்கிறேன். இன்க்ரிமென்ட் இருவருக்கும் ஒரே தேதியில், ஒரே தொகை. கேட்டால், ‘எல்லாரும் ஒரே குடும்பம்மா’ என்பார்கள். கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் சோம்பேறிக்குக் குடும்பம் என்ற வார்த்தை ரொம்பப் பிடிக்கும். என் அக்கா மகன் வேகமாக வேலை செய்கிற பையன். அந்த நாற்காலிப் பை மனிதர் பக்கத்தில் அவனை உட்கார வைத்திருந்தால் ஆறே மாதத்தில் ஓடியிருப்பான்.

ஆனால் எங்கள் கிளையில் கேஷ் கவுன்ட்டர் மட்டும் வேறு உலகம்.

கேஷியர் சாயங்காலம் பணத்தை எண்ணி முடிக்கும்போது குறைந்தால், குறைந்ததை அவர் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். 1991-ல் ஒரு சனிக்கிழமை எங்கள் கேஷியருக்கு 2,000 ரூபாய் குறைந்தது. அன்றைக்கு அது பெரிய பணம். ராத்திரி ஒன்பது மணி வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒருவர் வவுச்சர்களைப் புரட்டினார், ஒருவர் கட்டுகளைப் பிரித்து மறுபடி எண்ணினார், மேனேஜர் தானே ஸ்க்ரோல் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கேஷியர்தான் கட்டினார். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கடன் கொடுத்தோம், மூன்று மாதத்தில் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டையும் மூன்று தடவை எண்ணுவார். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, யார் முணுமுணுத்தாலும் சரி.

அந்தக் கவுன்ட்டரில்தான் அசல் தனிமனிதவாதத்தைப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. முடிவு அவருடையது, அதன் நஷ்டமும் அவருடையது. அதனால்தான் அவ்வளவு கவனம்.

வால் ஸ்ட்ரீட்டும் ஒரு காலத்தில் அந்தக் கேஷ் கவுன்ட்டர் மாதிரிதான் இருந்தது. பெரிய முதலீட்டு வங்கிகள் எல்லாம் பார்ட்னர்ஷிப்புகள். நிறுவனம் மூழ்கினால் பார்ட்னர்களின் சொந்தப் பணமும் அதோடு மூழ்கும். அதனால் ஒருவர் ஆபத்தான பேரத்தில் இறங்கினால் மற்ற பார்ட்னர்கள் விட மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பங்குச் சந்தைக்குப் போயின. சாலமன் பிரதர்ஸ் 1981, பேர் ஸ்டெர்ன்ஸ் 1985, மார்கன் ஸ்டான்லி 1986, கடைசியாக 1999-ல் கோல்ட்மேன் சாக்ஸ். அதற்குப் பிறகு பணம் பங்குதாரர்களுடையது. முடிவு எடுப்பவருக்கு வருஷ போனஸ். லாபம் வந்தால் அதில் பங்கு. நஷ்டம் வந்தால் அதிகபட்சம் வேலை போகும், முன்பு வாங்கிய போனஸ் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

அடுத்தவர் பணத்தை நிர்வகிக்கிறவர்கள் அதைத் தங்கள் பணம் போல அக்கறையாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. சுயநலத்தால் சந்தை வாழ்கிறது என்று சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆடம் ஸ்மித், 1776-ல் வந்த அதே புத்தகத்தில்தான் கூட்டுப் பங்குக் கம்பெனிகளைப் பற்றி இந்தச் சந்தேகத்தையும் எழுதிவைத்தார். அந்தப் பக்கத்தை யாரும் அவ்வளவாகத் திருப்புவதில்லை.

2008-ல் என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் வீட்டுக் கடன் கொடுத்த ஏஜென்ட்டுக்குக் கையெழுத்து வாங்கிய அன்றே கமிஷன். கடன் கொடுத்த நிறுவனம் அந்தக் கடனை இன்னொரு வங்கிக்கு விற்றுவிடும். அந்த வங்கி ஆயிரக்கணக்கான கடன்களை மூட்டை கட்டிப் பத்திரமாக்கி முதலீட்டாளர்களிடம் விற்கும். ஒவ்வொருவருக்கும் தன் கையைத் தாண்டும்வரைதான் கவலை. கடன் வாங்கியவர் தவணை கட்டுவாரா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அந்த வரிசையில் பலருக்கு இல்லை. எங்கள் கேஷியரைப் போல மூன்று தடவை எண்ண ஆள் இல்லை. செப்டம்பர் 15-ம் தேதி லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறுநாள் ஏஐஜி என்ற இன்ஷூரன்ஸ் ராட்சசனைக் காப்பாற்ற 8,500 கோடி டாலர் கடன். அக்டோபரில் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலருக்கு அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. அத்தனையும் மக்கள் வரிப்பணத்தை நம்பி.

அடுத்த மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. ஏஐஜியை அந்த நிலைக்குக் கொண்டுவந்த அதே பிரிவின் ஆட்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ்! ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். நஷ்டத்தை நாடு பங்கு போட்டுக்கொண்டது, போனஸ் மட்டும் தனித்தனி கவரில் போனது. ராண்ட் 1982-லேயே இறந்துவிட்டார். இருந்திருந்தால் இதைப் பார்த்து முதலில் கத்தியிருப்பவர் அவராகத்தான் இருக்கும். ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ நாவலின் வில்லன்களில் பலர், அரசாங்கத்தின் தயவில் பிழைக்கும் பிசினஸ்காரர்கள்தான்.

இதில் ஒரு விநோதம் உண்டு. 1987 முதல் 2006 வரை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பன், இளமையில் ராண்டின் நெருங்கிய வட்டத்தில் இருந்தவர். ராண்ட் வீட்டில் கூடிப் பேசும் அந்தச் சின்னக் கூட்டத்துக்கு அவர்களே விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர் ‘தி கலெக்டிவ்’, அதாவது கூட்டுக்குழு! 1974-ல் கிரீன்ஸ்பன் அரசுப் பொறுப்பு ஏற்றபோது ராண்ட் நேரில் வந்து பக்கத்தில் நின்றார். 2008 அக்டோபர் 23-ம் தேதி, 82 வயதில், அதே கிரீன்ஸ்பன் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னார். வங்கிகள் தங்கள் சுயநலத்துக்காகவாவது தங்கள் பங்குதாரர்களைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன், அந்த நம்பிக்கையில் ஒரு ஓட்டை இருந்தது என்ற பொருளில் பேசினார். எவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர்! அந்த வயதில் அதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்தான். ஆனால் எனக்கு ஒரு சின்னக் குறை. வங்கிக்கு ஏது சுயம்? அங்கே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்குத்தான் சுயமும் சுயநலமும். அவர்கள் சுயநலத்துக்கு எது நல்லதோ அதை அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். அது வங்கிக்கு நல்லதாக இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மருந்தே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. நம் ரிசர்வ் வங்கி தனியார் வங்கித் தலைவர்களின் சம்பளத்துக்கு 2012-ல் விதிமுறை கொண்டுவந்தது, 2019-ல் அதை இறுக்கியது. போனஸில் ஒரு பகுதியை உடனே கொடுக்காமல் சில வருஷங்களுக்குத் தள்ளிவைக்க வேண்டும். பிறகு தவறு தெரியவந்தால், கொடுத்ததையே திரும்பப் பெறலாம். எங்கள் கேஷியருக்கு அன்றே இருந்த சட்டம் மாடி ஏறி தலைவர் அறைக்குப் போக இத்தனை காலம் ஆகியிருக்கிறது! ஆனால் மாதாமாதம் பாலிசி விற்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் சிவப்புப் பட்டியல் போடுகிறாரே, அந்த நடு நாற்காலிக்கு அந்த விதி இன்னும் வந்து சேரவில்லை.

போகிற போக்கில் ஒரு தகவல். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது டெபாசிட் போடப் போய் பாலிசியோடு திரும்பி வந்திருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பித் தரலாம். சில சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பி வரும். யாரும் தானாக வந்து இதைச் சொல்ல மாட்டார்கள்.

அக்கா மகன் வேலையை விடவில்லை. பைக் லோனில் இன்னும் 14 தவணை இருக்கிறது. அந்த வாத்தியார் அடுத்த மாதமே தன்னோடு ரிட்டயர் ஆன இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, ‘இந்தத் தம்பிகிட்டயே போடுங்க’ என்று டெபாசிட் போட வைத்திருக்கிறார். சாயங்காலப் பட்டியலில் டெபாசிட்டுக்குக் கட்டமே கிடையாதாம். அன்றைக்கும் இவன் பெயர் சிவப்பில்தான் இருந்திருக்கிறது.

போன வாரம் தன் அப்ரைசல் படிவத்தை எனக்கு அனுப்பினான், இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி. அதில் ஒரு கேள்வி: ‘இந்த ஆண்டில் நீங்கள் முதலாளியைப் போல் யோசித்து எடுத்த ஒரு முடிவை எழுதவும்.’ வாத்தியார் கதையை அப்படியே எழுதியிருந்தான். பிராஞ்ச் ஹெட் பெயர் இல்லை, புலம்பல் இல்லை. வந்தவர் என்ன கேட்டார், இவன் என்ன செய்தான், ஏன் செய்தான், அவ்வளவுதான். கடைசி வரியில் புதிதாக வந்த இரண்டு டெபாசிட் தொகைகள்.

“இதை அப்படியே அனுப்பட்டுமா சித்தி? வம்பாயிடுமா?”

ஸ்பெல்லிங் இரண்டு இடத்தில் தப்பு. திருத்தி அனுப்பினேன்.

“அனுப்புடா” என்றேன். ரேட்டிங் மே மாதம் வருமாம்.